பதின்மூன்றாவது வீடு

இந்த அறையின் ஜன்னலை யாரோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கொண்டி கீழே இருக்க வேண்டியது மேலே இருக்கிறது பாருங்கள். மழை பெய்தால் சட்டத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். சுவரில் அந்தப் பழுப்புக் கறை அப்படி வந்ததுதான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அறைக்குள் நுழைந்தால் மனிதர்களைப் பார்க்கும் முன்னால் ஜன்னலைப் பார்ப்பது எனக்கு நாற்பது வருடப் பழக்கம்.

நீங்கள் கேட்டதை வரிசையாகவே சொல்கிறேன். வயது அறுபத்தேழு. மாநகராட்சியின் வரைபடப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் கிடையாது. நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவில் என்னை டேப்பு என்பார்கள். கைப்பையில் எப்போதும் அளவு டேப் வைத்திருப்பேன். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நானும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

தெருவில் இருபத்து நான்கு வீடுகள். குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்த்தாக வேண்டும், அந்த அகலம்தான். மரத்தாலான மாடி முகப்புகள், கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி, நடு தேய்ந்து குழிந்த கல் படிகள். இந்த நகரத்தில் இருநூறு வருடம் பழமையான தெரு ஒன்று முழுசாக நிற்கிறதென்றால் அது எங்களுடையதுதான். அது நிற்பதற்குக் காரணம் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. உங்கள் கோப்பில் எழுதத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு இருபத்தேழு வயதில், அலுவலகத்தில் என் மேசைக்கே அந்த வரைபடம் வந்தது. அறுபது அடிச் சாலை. பென்சிலில் போட்டிருந்த கோட்டை மையால் இழுக்க வேண்டியது என் வேலை. கோடு எங்கள் தெருவின் நட்டநடுவே போனது. நான் பிறந்த வீட்டின் மேல் நானே மை போட்டேன். கோணல் இல்லாமல், ஒழுங்காகத்தான் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹலோவிடம் சொன்னேன்.

ஹலோ என்பதும் தெரு வைத்த பெயர்தான். இருபத்தொன்றாம் எண் வீட்டுக்காரி. என்னைவிட ஒரு வயது சின்னவள். தொலைபேசி நிலையத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுக்கும் வேலை. கடையில் போய்ச் சோப்புக் கேட்டால்கூட "ஹலோ" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. மறுநாள் வேலை நேரத்திலேயே எல்லாப் பத்திரிகை அலுவலகங்களுக்கும் பேசினாள். அதிகாரிகளின் வீட்டுக்குப் பேசி அவர்கள் மனைவிமாரிடம் பேசினாள். அவள் குரலுக்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை. நான் காகிதம், அவள் குரல். அப்படித்தான் எங்கள் பாதுகாப்புக் குழு தொடங்கியது.

இடிக்கும் இயந்திரம் வந்த அன்று அவள்தான் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"எந்திரிம்மா, வேலை நடக்கணும்" என்றார் ஓட்டுநர்.

"சாப்பிடுறவங்கள எழுப்பக் கூடாதுண்ணே. நீங்களும் வாங்க, ரெண்டு வாய் இருக்கு" என்றாள்.

அவர் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. படத்தில் நான் இல்லை. படம் எடுக்கும்போது நான் மூன்றாம் எண் வீட்டின் வாசலை அளந்துகொண்டிருந்தேன்.

ஆறு வருடம் கழித்துப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. பாதிக்கு மேல் வீடுகளில் நிரந்தரமாக ஆட்கள் குடியிருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி நேரில் வந்து, ஒவ்வொரு வீட்டிலும் குடியிருப்பவரைக் கண்ணால் பார்த்து எண்ணுவார். பதின்மூன்றுக்குக் கீழே போனால் ஆணை காலாவதி. சாலை வரைபடம் கிழிக்கப்படவில்லை. இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நான் போட்ட மைதான் என்பதால் அது மங்கியும் இருக்காது.

ஆக, கட்டடத்தைக் காப்பாற்றுவது சுலபமான பகுதி. ஆட்களைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அவர்களுக்குக் காலும் ஆசையும் இருக்கின்றன. கூரை ஒழுகுகிறது என்பார்கள், படி செங்குத்தாக இருக்கிறது என்பார்கள், ஒரு நாள் பூட்டைத் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். பாதுகாக்கப்பட்ட வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் குழுச் செயலாளரான நான் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாம் எண் வீட்டுப் பெரியவர் படியில் இரும்புக் கைப்பிடி வைக்கக் கேட்டார். அந்தப் படிக்கு ஆதியில் கைப்பிடி கிடையாது. மறுத்தேன். விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பிறகு அவரால் எங்கும் போக முடியவில்லை. அந்த வீடு இன்றுவரை எண்ணிக்கையில் இருக்கிறது.

மூன்றாம் எண் வீட்டுப் பெண்ணுக்கு வெளியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெற்றோர் போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். கட்டிக்கொண்டு போனால் வீடு காலி. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதினேன், பெயர் போடாமல். அவர்கள் வரவில்லை. அவள் இப்போதும் என்னைப் பார்த்தால் "வாங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்பாள். நானும் போவேன். அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது.

இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முழுசாகச் சொல்லிவிடுவது நல்லது. பாதி வரைபடத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கட்ட முடியாது.

போன வருடம் ஆரம்பத்தில் எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதின்மூன்று. கணக்கெடுப்புக்குப் பத்து மாதம் இருந்தது. அந்தப் பதின்மூன்றில் யார் போவார்கள், யார் இருப்பார்கள் என்று ஒவ்வொருவராக யோசித்தேன். பன்னிரண்டு பேருக்கும் போக்கிடம் கிடையாது. ஹலோவுக்கு மட்டும் இருந்தது.

அவளுடைய மகன் வெளியூரில் குடிநீர் நிலையம் ஒன்றில் பொறியாளர். ஒரே பிள்ளை. புருஷன் சீக்கிரமே போய்விட்டதால் அவள் தனியாக வளர்த்தாள். அவள் இரவுப் பணிக்குப் போகும் நாட்களில் என் வீட்டில்தான் தூங்குவான். என்னைப் பெரியம்மா என்பான். அவன் மனைவி உண்டாகியிருந்தாள். உடம்பு சரியில்லாமல் படுக்கையிலேயே இருக்க வேண்டுமென்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவனால் இங்கே வர முடியவில்லை. அம்மாவை அங்கே கூப்பிட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹலோவுக்குக் காது போய் ஏழு வருடமாகிறது. முப்பது வருடம் ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிய காது, ஒரேயடியாகக் கடையைச் சாத்திவிட்டது. அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். கருவி மாட்டியும் பயனில்லை. வாய் மட்டும் பழையபடி. அதனால் மகன் தொலைபேசியில் பேசினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதைத் தாளில் எழுதிக் காட்டுவேன். அவள் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள். அவனுக்கு அம்மாவின் குரல் கேட்கும். அவளுக்கு என் கையெழுத்துத் தெரியும். இப்படி ஏழு வருடம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

அன்றைக்கு அவன் சொன்னான்: "பெரியம்மா, அம்மாவுக்கு ரூம் ரெடி. ஜன்னல் பக்கமா கட்டில் போட்டாச்சு. அடுத்த மாசம் யாரையாவது அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றேன். அம்மா என்ன சொல்றாங்க கேளுங்க."

நான் எழுதினேன்: 'சின்ன வீட்டுக்கு மாறுகிறானாம். இப்போது நீ வந்தால் இடம் போதாதாம். கோபித்துக்கொள்ளாதே என்கிறான்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு தொலைபேசியைப் பார்த்து, அவள் பணியில் இருந்தபோது பேசிய அதே தெளிவான குரலில் சொன்னாள்: "அதனால என்னடா. நான் இங்கயே இருந்துக்கறேன். எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. டேப்பு இருக்கா, பாத்துக்குவா. நீ உன் பொண்டாட்டியப் பாரு."

"ஏன் பெரியம்மா இப்படிச் சொல்றாங்க? எங்க மேல ஏதாவது வருத்தமா?" என்றான்.

"வயசாச்சுப்பா. இருக்கற இடத்த விட்டு நகர மனசு வராது" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். அவள் பேசியது அவள் வார்த்தை. அவன் கேட்டது அவன் அம்மாவின் குரல். நடுவில் நான் மாற்றியது ஒரு துண்டுத் தாள் மட்டும்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு மூன்று தடவை அவன் பேசினான். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் நான் வேறொன்று எழுதினேன். ஆனால் அவளை வருத்தப்படுத்தும் விதமாக எழுதியதில்லை. வேலை அதிகம், ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், மாமியார் வந்திருக்கிறார், இப்படி ஏதாவது. அவன் அவசரத்தில் கேட்க மறந்த நாளில்கூட, 'சாப்பிட்டியாம்மா என்கிறான்' என்று ஒரு வரி சேர்ப்பேன். அவள் முகம் மலர்ந்துவிடும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கொடுக்காததையும் நான் கொடுத்திருக்கிறேன்.

"அவன் பேசற மாதிரியே எழுதறடி நீ" என்பாள்.

அவள் மகனுக்குக் கடிதங்களும் எழுதினாள். மூன்று. அஞ்சலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாள். அவன் அனுப்பியவை நான்கு. தெருவுக்கு வரும் தபாலை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது பல வருடமாக என் பொறுப்பு. எல்லாம் இருபத்தொன்றாம் எண் கோப்பில் தேதி வாரியாக இருக்கின்றன. தொலைபேசியின்போது எழுதிய தாள்களும் இருக்கின்றன, நேரம் குறித்து. எரித்திருக்கலாமே என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். நான் என் வாழ்க்கையில் ஒரு காகிதத்தையும் அழித்ததில்லை. அது என் கொள்கை.

குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. இதை நான் மறைக்கவில்லை. மறைக்க நான் என்ன கல்நெஞ்சக்காரியா. 'பெண் குழந்தை, இருவரும் நலம்' என்று அப்படியே எழுதிக் காட்டினேன். அவள் அன்று தெரு முழுக்கப் போய்ச் சொன்னாள். இரும ஆரம்பித்ததும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான்.

இருமல் நிற்கவில்லை. நெஞ்சுநோய் மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். அவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "வீட்டு ஈரத்துல வர்ற பூஞ்சை. இடது நுரையீரல்ல இறங்கியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, குணப்படுத்திடலாம். மூணு வாரம் இங்க சேத்துடுங்க. அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது."

"என்னடி சொல்றார்?" என்றாள் ஹலோ.

நான் எழுதினேன்: 'நாள்பட்ட சளிதானாம். வெந்நீரில் ஆவி பிடிக்க வேண்டுமாம்.'

அவள் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள். "இதுக்குப் போய் பயந்துட்டேன் டாக்டர்" என்றாள். அவர் அவளுடைய தைரியத்தைப் பாராட்டும் விதமாகத் தலையாட்டினார். வீட்டில் சொல்லிவிட்டு வந்து சேர்க்கிறோம் என்று நான் அவரிடம் சொன்னேன். மருத்துவமனையிலிருந்து இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் வந்தன. அவையும் கோப்பில் இருக்கின்றன.

மூன்று வாரம்தானே, சேர்த்துவிட்டுத் திரும்பக் கூட்டி வந்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் யோசித்தேன். யோசிக்காமல் செய்பவள் இல்லை நான். மருத்துவமனை என்றால் மகனுக்குச் சொல்வார்கள். அவன் வந்து அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போய்விடுவான். டாக்டரும் வீட்டுக்குப் போகக் கூடாதென்று சொல்லிவிட்டார். அப்போது எண்ணிக்கை பன்னிரண்டு. கணக்கெடுப்புக்கு ஐந்து மாதம் இருந்தது. ஒரு பக்கம் இருநூறு வருடத் தெரு, இன்னொரு பக்கம் ஐந்து மாத இருமல். தராசில் நீங்களே வைத்துப் பாருங்கள்.

நான் அவளை நன்றாகவே கவனித்துக்கொண்டேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். காலையில் கஞ்சி, மத்தியானம் சூப், நாலு வேளை வெந்நீர். "கூடப் பிறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா" என்பார்கள். ஒரே ஒரு சிக்கல்தான். அவள் படுத்திருந்த முன்னறையின் கூரையில் சுண்ணச் சாந்தால் செய்த கொடி வேலைப்பாடு இருக்கிறது, நகரத்தில் அதுபோல் இரண்டாவது கிடையாது. ஆவி பிடிக்கிற நீராவி மேலே போய்ப் படிந்து, ஓர் இலை உப்பத் தொடங்கியது. அதனால் அவளைப் பின்னறைக்கு மாற்றினேன். அந்த அறையில் சுவர் ஏற்கனவே ஈரம் குடித்து உதிர்ந்துவிட்டது. கெடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

"இங்க குளுருதுடி" என்றாள். இன்னொரு போர்வை கொடுத்தேன்.

கடைசி இரண்டு மாதத்தில் அவள் குரல் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும் வந்தது. அதனால் மகன் பேசியபோது, அம்மா தூங்குகிறாள் என்றோ, கோபத்தில் பேச மறுக்கிறாள் என்றோ சொல்ல வேண்டியதாயிற்று. அவனும் மனசு விட்டுப்போய்ப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். அவள் தலையணைக்கு அடியிலிருந்து பழைய துண்டுத் தாள்களை எடுத்து, 'சாப்பிட்டியாம்மா' என்று இருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். அவற்றைக் கோப்புக்கு வாங்க எனக்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது.

இனி அந்த நாள். நீங்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கணக்கெடுப்பு காலை பத்தரைக்கு என்று அறிவித்திருந்தார்கள். நான் ஏழு மணிக்கு இருபத்தொன்றாம் வீட்டுக்குப் போனேன். ஹலோ கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் தாளை இழுத்து எழுதினாள்: 'ஆம்புலன்ஸ்.'

அதன் கீழேயே நான் எழுதினேன்: 'கூப்பிட்டாச்சு. வருது.'

கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவளைத் தூக்கிப் போவார்கள், பத்தரைக்கு அந்த வீட்டில் ஆள் இருக்காது. அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. விதியை நான் எழுதவில்லை.

முகம் துடைத்துவிட்டேன். தலை வாரினேன். நல்ல உடுப்பு மாற்றி, நீலச் சால்வையைப் போர்த்தி, முன்னறையில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன். தூக்குவதற்குக் கனமே இல்லை. எட்டு மணிக்கு அவள் மறுபடி அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினாள். 'வழியில் இருக்கு' என்று எழுதினேன். ஒன்பதுக்கு, 'முனையில் வண்டி நெரிசல்.' பத்துக்கு, 'இதோ.' கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். என்னை நம்பிப் பிடித்த பிடி அது.

பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, அதிகாரி வரவில்லை. பதினொன்றே காலுக்கு வந்தார். அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்று நீங்கள் அவரையும் விசாரிக்க வேண்டும்.

எதிர் வரிசையை முடித்துக்கொண்டு இருபத்தொன்றுக்கு வந்தோம். நல்ல மனிதர், முதல் தடவை வருகிறார். கூரையைப் பார்த்து வாயைப் பிளந்தார். நான் கொடி வேலைப்பாட்டை விளக்கினேன். பிறகு ஹலோவிடம் குனிந்து, "வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?" என்றார்.

ஹலோ அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். அவள் உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. ஆனால் எனக்கு அவள் உதட்டைப் படிக்கத் தெரியும். 'என்னைக் கூட்டிட்டுப் போங்க' என்றாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"இந்த வீட்ட விட்டு எங்கயும் போகமாட்டேன்னு சொல்றாங்க" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படிப்பட்டவங்க இருக்கறதாலதான் இதெல்லாம் நிக்குது" என்று சொல்லி, அவள் கையை மெதுவாக விலக்கித் தட்டிக்கொடுத்துவிட்டு, படிவத்தில் குறி போட்டார். பதின்மூன்று.

இன்னும் மூன்று வீடுகள் பாக்கி இருந்தன. செயலாளர் கூடப் போகாமல் முடியுமா. முடித்ததும் மூன்றாம் எண் வீட்டுப் பெண் டீ போட்டாள். அவர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் தரும் வரை உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஹலோ நாற்காலியிலேயே இருந்தாள். சால்வை சரிந்திருந்தது. சரிசெய்தபோதுதான் தெரிந்தது. அப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மகன் வந்தான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவியும் வந்தாள். காரியம் முடிந்த பிறகு, இருபத்தொன்றாம் எண் கோப்பை நானே அவன் கையில் கொடுத்தேன். ஒரு வீட்டின் ஆவணங்கள் அதன் வாரிசுக்குச் சேர வேண்டும் என்பது குழுவின் விதி. தவிர, அவன் இந்தத் தெருவில் வளர்ந்தவன். படித்தால் புரிந்துகொள்வான் என்றுதான் நினைத்தேன்.

வாசல் படியில் உட்கார்ந்து படித்தான். வெகுநேரம் படித்தான். நான் கதவருகில் நின்றேன். ஒரு துண்டுத் தாளைத் தூக்கிக் காட்டினான்.

"இது யார் எழுதினது பெரியம்மா?"

"நான்தான்."

"நான் இப்படிச் சொல்லவே இல்லயே."

"இல்ல."

அவன் கத்தவில்லை. அடுத்த தாளை எடுத்தான், அதற்கடுத்ததை எடுத்தான். பிறகு தலை நிமிராமலே கேட்டான்: "இதெல்லாம் படிச்சப்ப அம்மா என்ன சொன்னாங்க?"

உண்மையைச் சொன்னேன். "ஒவ்வொரு தடவையும், பாவம் அவனுக்கு அங்க என்ன கஷ்டமோன்னு சொல்லுவா. உன்மேல அவளுக்குக் கோபமே வரல."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் எழுந்து தெருமுனைக்கு நடந்து போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டான் என்று தெரிகிறது. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

செய்தேனா என்று கேட்டீர்கள். செய்தேன். மகனைத் தடுத்தேன், மருத்துவத்தைத் தடுத்தேன், அன்று காலை ஆறு மணி நேரம் அவளைச் சாக விட்டேன். இதை எந்த மாதிரி எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரு இன்னும் ஐந்து வருடத்துக்கு நிற்கும். அடுத்த கணக்கெடுப்பின்போது எனக்கு எழுபத்திரண்டு. ஒன்பதாம் எண் என்னுடையது, அன்று ஒரு நாள் நான் அங்கே இருந்தாக வேண்டும். நீதிபதியிடம் அதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

இன்னொன்று. என் கைப்பையை உங்கள் ஆட்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்த தாள் ஒன்று இருக்கும். அதை மட்டும் நான் கோப்பில் சேர்க்கவில்லை. அன்று பன்னிரண்டே முக்காலுக்கு அவள் மடியில் இருந்தது. நான் இல்லாத நேரத்தில் எழுதியிருக்கிறாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் படிக்க முடிகிறது. மகனைப் பற்றி இல்லை. ஆம்புலன்ஸைப் பற்றியும் இல்லை. 'எண்ணி முடிச்சிட்டியாடி?' என்று கேட்டிருக்கிறாள்.

பாருங்கள், மூச்சு விட முடியாத நேரத்திலும் அவள் விசாரித்தது தெருவைப் பற்றித்தான்.